ராணியின் முழங்கால்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ராணுவத்திலிருந்து இரண்டு காதுக்கும் முதல் மனுவிலேயே ஊனச் சலுகை வாங்கியவன் நலமாக இல்லாவிட்டால் வேறு யார்தான் நலமாக இருப்பார்கள்.

இரண்டு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. உன் மகன் வீட்டு விருந்தில், எல்லோர் முன்னாலும் நான், "காது கேக்காதவனுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் எப்படிக் கேக்குது" என்று சொன்னது தப்புதான். நீ அதைக் கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். கேட்டுவிட்டுப் போனாய் என்பதிலேயே என் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனாலும் தப்பு தப்புதான்.

விஷயம் என்னவென்றால் என் வலது முழங்கால். மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று மூட்டு வைத்தே ஆக வேண்டும் என்று ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். சர்வீஸில் இருந்தபோது கெட்ட கால் என்று நிரூபித்தால் ஆபரேஷனிலிருந்து நடைப் பயிற்சி வரை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வெளியே பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள். வெளியே பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி என்பது உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் இறங்கினால் ஏற முடிவதில்லை, ஏறினால் இறங்க முடிவதில்லை. எங்கே இருக்கிறேனோ அங்கேயே பொழுது போகிறது.

மனு போட்டேன். தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்த வருஷத்து மருத்துவக் குறிப்புகள் யூனிட் இடம் மாறியபோது தொலைந்துவிட்டனவாம். மேல்முறையீடு போட்டிருக்கிறேன். கூட இருந்த ஒருவரின் சாட்சி வேண்டும் என்கிறார்கள். கூட இருந்தவர்களில் இன்று விலாசம் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

ஆகவே நடந்ததை எழுதி அனுப்பு. ஆனால் நடந்ததை அப்படியே எழுதிவிடாதே. புரிகிறதல்லவா.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. உன் தங்கை எல்லாக் கடிதத்தையும் பிரிப்பாள். கீழே உள்ள சலூன் விலாசத்துக்கு எழுது. போன் வேண்டாம். உனக்குக் கேட்கும்படி நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும்.

உன் மாப்பிள்ளை


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கிறாயா, மறுபடியும் வம்புக்கு இழுக்கிறாயா என்று இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை. மன்னிப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று போன காது இது. அன்றைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரை எழுதிக் காட்டச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதைப் பதிவு செய்துகொள்.

சாட்சி எழுதுவதற்கு முன்னால் நடந்தது என்ன என்பதை நமக்குள்ளாவது ஒழுங்காகப் பேசிக்கொள்வோம். நம் யூனிட்டின் ஆண்டு விழா. கமாண்டர் தானே ஒரு சரித்திர நாடகம் எழுதினார். நான் ராஜா. யூனிட்டிலேயே மீசை சரியாக முளைக்காதவன் நீ ஒருவன்தான் என்பதால் நீ ராணி. கடைசிக் காட்சியில் ராணி கோட்டை மதிலிலிருந்து குதிப்பாள், ராஜா கீழே நின்று ஏந்திக்கொள்வான். மதில் என்பது எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் போட்ட பலகை. நீ குதித்த அந்த நொடியில் முன்வரிசையில் இருந்த ஜெனரல் எழுந்து நின்றார். நான் சல்யூட் அடித்தேன். நீ தரையில் விழுந்தாய்.

இதை நீ இன்றுவரை குத்திக்காட்டுகிறாய். நானும் இன்றுவரை ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ஜெனரல் எழுந்தால் சிப்பாய் சல்யூட் அடிப்பான். கால் மரத்துப்போனதால்தான் அவர் எழுந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும். தலையில் அட்டைக் கிரீடம் இருந்தால் சிப்பாய் சிப்பாய் இல்லை என்று ஆகிவிடுமா.

அடுத்தது, உன் கல்யாணத்துக்காக என் அப்பாவிடம் நான் சொன்ன ஆற்றுக் கதை. வெள்ளத்தில் மூழ்கிய என்னை நீ இழுத்துக் கரை சேர்த்தாய், அப்போது பாறையில் மோதி உன் முழங்கால் போயிற்று என்று. சொன்னவன் நான்தான். அதன் பலனை அனுபவிக்கிறவனும் நான்தான். யூனிட் நீச்சல் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கியவன் என் சொந்த வாயால் மூழ்கிப்போனேன். இப்போது நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லித்தருகிறேன். என் தங்கையோ நான் அங்கே வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாரா வாரம் என் மருமகளுக்கு போன் பண்ணி, "அண்ணனைத் தண்ணிப் பக்கம் விட்டுடாதம்மா" என்கிறாள். ஒவ்வொரு விருந்திலும் உன்னைக் காட்டி, "நீ மூச்சு விடுறதே இவராலதான்" என்று எனக்கு நினைவூட்டுகிறாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து பணிவாகச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, சாட்சி எழுதுகிறேன். ராணி என்ற பேச்சே வராது. எப்படி எழுதுவது என்பதை என்னிடம் விட்டுவிடு.

இப்படிக்கு,
மூழ்காதவன்


மார்ச் 1

அன்புள்ள மச்சானுக்கு,

சலூன்காரர் உன் கடிதத்தைக் கத்தரிக்கோல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். ஆனால் அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். உறை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அடுத்த முறை பார்த்து அனுப்பு.

என் பணிவான சிரிப்பைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. நீ சல்யூட் அடித்த கை வலது கை. இடது கை சும்மாதானே இருந்தது. ஒரு கையாலாவது பிடித்திருக்கலாமே. இதற்கும் நான் பதில் எதிர்பார்க்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் மனுவில், இருட்டில் காவல் சுற்றும்போது கால் இடறி விழுந்தேன் என்று எழுதியிருக்கிறேன். நீயும் அதையே எழுதிவிடு. மழை பெய்தது என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்.

உன் மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வருவதற்குள் என் சாட்சியம் போய்ச் சேர்ந்துவிட்டது. ராணுவத்தில் ஒரு வேலையைச் சொன்னால் உடனே செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உனக்கும்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

பகல் பயிற்சியில் பதுங்குகுழியைத் தாண்டும்போது விழுந்தாய் என்று எழுதியிருக்கிறேன். நல்ல வெயில் என்றும் எழுதிவிட்டேன். எந்தக் கால் என்று சந்தேகமாக இருந்ததால் "ஒரு கால்" என்று போட்டிருக்கிறேன், ஆகவே அந்த விஷயத்தில் முரண்பாடு வராது.

கவலைப்படாதே. ஆயிரக்கணக்கான மனு வரும் இடம். யார் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கப் போகிறார்கள்.

இப்படிக்கு,
மச்சான்


ஏப்ரல் 18

மச்சான்,

சேர்த்து வைத்துப் படித்திருக்கிறார்கள். இரண்டை அல்ல, மூன்றை.

மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். மனைவியும் சாட்சியம் கொடுக்கலாம் என்று முன்னாள் படைவீரர் சங்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராகச் சங்கத்துக்கே போய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆற்றுக் கதை. அதுவும் நீ சொன்ன பழைய ஆறு இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லச் சொல்ல அது பெருகிவிட்டது. இப்போது உன்னோடு இன்னும் நான்கு சிப்பாய்களையும் ஒரு வயர்லெஸ் பெட்டியையும் நான் கரை சேர்க்கிறேன்.

மேல்முறையீட்டுக் குழுவிலிருந்து வந்த கடிதத்தில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். "காயம் ஏற்பட்டது இரவுக் காவலின்போது என மனுதாரரும், பகல் பயிற்சியின்போது என அவரது சக வீரரும், வெள்ளத்தின்போது என அவரது மனைவியும் கூறுகின்றனர். இம்மூன்று விவரங்களும் ஒரே முழங்காலைப் பற்றியவையா என்பதை மனுதாரர் நேரில் வந்து விளக்க வேண்டும்." மே மாதம் பத்தொன்பதாம் தேதி விசாரணை.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் மூன்று காகிதத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அண்ணே, இதுக்கு மூணு விஷயம் வேணும். இப்ப கோளாறு இருக்கணும். சர்வீஸ்ல ஏதாவது நடந்திருக்கணும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு டாக்டர் சொல்லணும். முதலும் கடைசியும் உங்ககிட்ட இருக்கு. நடுவுல உள்ளதுக்குத்தான் ஆளுக்கொரு இடத்துல உங்களைத் தள்ளிவிட்டிருக்காங்க" என்றார். தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றாலே போதுமாம், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்குத்தானாம். "ஆனா சந்தேகம் காலைப் பத்தி இருக்கணும்ணே. உங்க குடும்பத்தைப் பத்தி இருக்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் அவரிடம் நாடகத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் குலுங்கினார், அவ்வளவுதான். பிறகு திரும்பி, கமாண்டர் உத்தரவு போட்டு நடித்திருந்தால் அது டியூட்டி, ஆசைப்பட்டு நடித்திருந்தால் பொழுதுபோக்கு, பொழுதுபோக்குக்குக் கால் போனால் ராணுவம் பொறுப்பில்லை என்றார். நானாக ஆசைப்பட்டு ராணியாக நடிப்பேனா, நீயே சொல்.

உண்மையைச் சொன்னால்தான் ஆபரேஷன், மச்சான். கட்டாயத்தின் பேரில்தான் நடித்தோம் என்று நீ எழுத வேண்டும். விசாரணை நடக்கும் இடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊனமானவர்களை விசாரிக்கிற இடத்தை அப்படித்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள். என்னைப் பிடித்து ஏற்ற உன் தங்கை வருவேன் என்கிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமாக நிற்கிறேன்.

உன் மாப்பிள்ளை


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

முடியாது என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன்.

நான் ஏன் அந்த ஆற்றைக் கொண்டுவந்தேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன்னை லீவில் வீட்டுக்குக் கூட்டி வந்து அப்பாவிடம் பேச்செடுத்தபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "நொண்டுற பையனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்." எப்படி நொண்டியானான் என்று கேட்டார். ராணி வேஷத்தில் மதிலிலிருந்து குதித்தான், நான் ஜெனரலுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தேன் என்றா சொல்ல முடியும். வாயில் வந்தது ஆறு. மறு நிமிஷம் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாள் பார்க்கச் சொன்னார்.

குழுவை நினைத்து எனக்குப் பயமில்லை. தங்கையை நினைத்தால்தான் பயம். அப்பாவிடம் சொன்ன பொய்யை அப்பா நம்பிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் அதன்மேல் குடும்பமே கட்டி வைத்திருக்கிறாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்துபோன மருமகள், நீ நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் பிடித்துத் தூக்கியதாகச் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதியதைப் படித்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. ஒரு காலத்தில் வேலிக்கம்பியை ஒரே தாவில் தாண்டியவன் நீ.

இத்துடன் புதுச் சாட்சியம் இருக்கிறது. நாடகத்தை எழுதியவர் கமாண்டர், ஒத்திகை நடந்தது பரேடு நேரத்தில், ஒத்திகைக்கு வராத ஒருவனைக் கழிவறைக் குழி வெட்ட அனுப்பினார் என்பதெல்லாம் எழுதியிருக்கிறேன். முந்தைய சாட்சியம் பொய் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "சல்யூட் அடித்தது முறையே" என்ற வரியை மட்டும் எடுக்கச் சொல்லாதே. எடுக்க மாட்டேன்.

ஒரே வேண்டுகோள். அதைப் படிக்கும்போது அவளை வெளியே உட்கார வை.

இப்படிக்கு,
மச்சான்


மே 21

மச்சான்,

அவள் வெளியே உட்காரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாடியையும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கினேன். எங்களுக்குப் பின்னால் ஒருவர் பையோடு வந்துகொண்டிருந்தார். குறுகலான படி, அவருக்கு வழிவிடவும் முடியவில்லை. "பரவாயில்லை, மெதுவா ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டே என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே போய்ப் பார்த்தால் அவர்தான் குழுவில் உள்ள டாக்டர். நான் உட்கார்ந்ததும், "கால் விஷயம் நான் பாத்தாச்சு, மேடம்" என்று தலைவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே படத்தைக்கூட உறையிலிருந்து எடுக்கவில்லை.

தலைவர் அம்மா, டாக்டர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், மொத்தம் மூன்று பேர். சின்ன அறை. காற்றாடி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தலைவர் அம்மா உன் தங்கையைப் பார்த்து, "நீங்களும் சாட்சிதானே, இங்கேயே உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் என்ன செய்ய. சங்கச் செயலாளர் உன் புதுச் சாட்சியத்தை எடுத்துக் கணீரென்று படிக்கத் தொடங்கினார். அவருக்குக் குரல் அப்படி. ராணி என்ற இடம் வந்ததும் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

படித்து முடித்ததும் தலைவர் அம்மா என் பழைய மனுவை எடுத்து எதிரில் வைத்தார்.

"முதல் மனுவுல ஏன் இப்படி எழுதலை?"

"வெட்கமா இருந்துச்சும்மா. ராணின்னு எழுதக் கை வரலை."

"நாடகத்துல நடிக்க முடியாதுன்னு நீங்க சொல்லியிருக்க முடியாதா?"

நான் வாய் திறப்பதற்குள் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி முந்திக்கொண்டார். "முடியாதும்மா. எங்க கமாண்டரும் நாடகம் எழுதுவார். நான் அப்ப லெப்டினன்ட். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நாடகம் முடியற வரைக்கும் மரமா நின்னேன். அதைப் பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும்." சொல்லிவிட்டு உன் சாட்சியத்தை வாங்கி இன்னொரு தரம் படித்தார். "ஜெனரலைப் பார்த்து ராஜா சல்யூட் அடிச்சிருக்கான். அடிக்காம இருந்திருந்தா அவனைத் தண்டிச்சிருப்பாங்க. ஆக, ராஜா டியூட்டியிலதான் இருந்திருக்கான். ராஜா டியூட்டியில இருந்தா ராணி மட்டும் லீவுலயா இருந்திருப்பா?" என்றார். அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தது நல்லதாகப் போயிற்று. இதற்கு மேல் உன்னைப் புகழ மாட்டேன்.

ஆனால் தலைவர் அம்மாவின் முகம் தெளியவில்லை. முன்னால் இரண்டு பேரும் பொய் சொன்னவர்கள், இப்போது சொல்வதை மட்டும் எதை வைத்து நம்புவது, நாற்பது ஐம்பது வயதில் தேய்ந்த கால் என்றுகூட இருக்கலாமே என்றார். பிறகு உன் தங்கையிடம் திரும்பினார். "அம்மா, நீங்க எழுதியிருக்கிற ஆறு?"

"எங்கண்ணன் சொன்னான். நம்பினேன்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், மச்சான். சத்தியமாக நினைத்தேன். போயிருந்தால் என் வழக்கும் அவளோடு எழுந்து போயிருக்கும்.

"அப்ப இவர் காலைப் பத்தி நீங்களாப் பாத்தது என்ன இருக்கு?"

அவள் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணத்தன்னைக்குக் கீழே உட்கார முடியாம ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாரும்மா. வலது செருப்பு எப்பவும் ஒரு பக்கமாத் தேயும். புது செருப்பு வாங்கினா நான்தான் மாட்டி விடுவேன். பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தப்ப நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வருவாரு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமத் தூங்க மாட்டாரு. புள்ளைங்களைத் தோள்ல தூக்கினதே இல்லை, முதுகுல உப்புமூட்டை ஏத்தினதே இல்லை. மழை வரப்போகுதுன்னா எனக்கு முன்னாடியே இவர் கால் சொல்லிடும். ஆறு பொய்யா இருக்கலாம்மா. முழங்கால் பொய்யில்லை. இத்தனை வருஷமா அதுகூடத்தான் நான் குடும்பம் நடத்துறேன்."

தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். தீர்ப்பைத் தபாலில் அனுப்புகிறோம், போய் வாருங்கள் என்றார்கள்.

இறங்கும்போதும் அவள் தோள்தான். முதல் மாடியில் நின்று என்னைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆக, எங்கண்ணன் உங்க காலை உடைச்சிருக்கான். ராணுவம் கொடுக்கவேண்டிய ஈட்டை அவன் கொடுத்திருக்கான். என்னைக் கொடுத்திருக்கான்."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தோளைக் காட்டிக்கொண்டு அடுத்த படியில் இறங்கி நின்றாள். அன்றைக்குப் பேசியதுதான். சாப்பாடு வருகிறது, ஒத்தடம் வருகிறது, பேச்சு வரவில்லை.

இனி சலூனுக்கு எழுதவேண்டாம். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

உன் மாப்பிள்ளை


மே 30

மாப்பிள்ளைக்கு,

அவள் என் மருமகளுக்கு இந்த வாரம் போன் பண்ணவில்லை. நான் தண்ணிப் பக்கம் போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. இரண்டு நாளாகக் குளத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நிற்கிறேன்.

கீழே உள்ளது அவளுக்கு. நீ படிக்காதே.

தங்கச்சி, உன்னை நான் ஈடாகக் கொடுக்கவில்லை. இவன் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யார் தப்பு என்று கமாண்டர் கேட்டு வந்தார். ராஜா பிடிக்கவில்லை என்று இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பதவிப் பட்டை போயிருக்கும். நேரம் தவறி நானே முன்னால் குதித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். யூனிட்டில் அத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். உனக்குப் பார்த்து வைக்க இவனைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு நொண்டல் மட்டும்தான் தெரிந்தது. அதை மறைக்க ஒரு ஆறு தேவைப்பட்டது. பொய் சொன்னது தப்பு. உன்னைக் கேட்காமல் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் டிக்கெட் கிழிப்பதில்லை, நீச்சல் சொல்லித்தருகிறேன். எனக்கு எப்போதும் நன்றாக நீந்தத் தெரியும்.

நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். தலைகால் புரியாமல் ஆடாதே.

இப்படிக்கு,
மச்சான்


ஜூலை 12

அன்புள்ள மச்சானுக்கு,

ராணுவ ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். தீர்ப்பு சாதகமாக வந்ததும், ஆபரேஷன் முடிந்ததும் மருமகள் மூலம் உனக்குத் தெரிந்திருக்கும். தீர்ப்பில், மனுதாரர் ராணி வேடத்தில் இருந்தபோதும் படைவீரராகவே இருந்தார் என்று போட்டிருக்கிறார்கள். அதை நர்சுகள் படித்துவிட்டார்கள். ஊசி போட வருகிறவள், "மகாராணி, கையை நீட்டுங்க" என்கிறாள். என்ன செய்வது, இலவச வைத்தியம்.

உன் தங்கை தினமும் வந்தாள். பழத்தை உரித்து வைப்பாள், சார்ஜரைச் செருகுவாள், போய்விடுவாள். உன் கடிதத்தை அவள் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. நேற்று, பயிற்சி கொடுக்கிற பையன் என்னைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி நடக்க வைத்தான். அரை அறை தூரம் நடந்தேன். நொண்டல் இல்லை, மச்சான். கட்டிலுக்குத் திரும்பி வந்து பார்த்தால் அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள். நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் ஒரு விஷயத்தைக் கேட்கவேயில்லை என்றாள். அப்பா முடியாது என்று சொன்னபோது அவள் அடுத்த அறையில்தான் இருந்தாளாம். நீ ஆற்றை அவிழ்த்துவிடுவதற்கு முன்னாலேயே அம்மாவிடம், கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், தன் நொண்டலைத் தானே நடித்துக் காட்டி வீட்டில் உள்ளவர்களைச் சிரிக்க வைத்தானே, அதற்காகவாம். எனக்கு அது நினைவே இல்லை.

எனக்குப் பெரிய நிம்மதி. கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஆத்துக்காக நீ என்னைக் கட்டிக்கலை" என்றேன்.

"கட்டிக்கலை" என்றாள். "ஆத்துக்காகத்தான் பொறுத்துக்கிட்டேன். உங்க குறட்டை, உங்க முன்கோபம், நாலு பேருக்கு முன்னாடி எங்கண்ணனைக் கிண்டல் பண்றது, கேட்டதுக்கெல்லாம் கால் வலின்னு உட்கார்ந்துக்கிறது. வாய் வரைக்கும் வரும். அண்ணன் உசுரைக் காப்பாத்தினவராச்சேன்னு முழுங்கிடுவேன். இனிமே எதுக்கு முழுங்கணும்? ஆறும் இல்லை, கால் வலியும் இல்லை."

அப்படிச் சொல்லிவிட்டு பழத்தை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். பாதியை அவளே தின்றாள். இதற்கு முன்னால் முழுசாக எனக்கே வரும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீயும் வந்து ஒரு வாரம் இரு, மச்சான். உன்னிடமும் அவளுக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறதாம், கேட்காவிட்டால் எழுதிக் காட்டுகிறேன் என்கிறாள்.

உன் மாப்பிள்ளை